முதன்மைக் கூறு பகுப்பாய்வு: உங்கள் ஆய்வில் முதன்முறை கையாளும்போது

நிலத்தடி நீரை ஆராய்பவரிடம் பல கிணறுகளின் மாதிரிகளும், ஒவ்வொரு மாதிரிக்கும் பத்துப் பதினைந்து வேதியியல் அளவீடுகளும் இருக்கும். மரபியல் ஆய்வாளரிடம் ஆயிரம் பேரின் மரபணுத் தொகுப்பில் லட்சக்கணக்கான இடங்களைப் பற்றிய விவரம் இருக்கும். வானிலை ஆய்வாளரிடம் கடற்பரப்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பல பத்தாண்டுகளின் மாதாந்திர வெப்பநிலை இருக்கும். மூவரின் அட்டவணையிலும் நெடுவரிசைகள் மிகுதி. அவற்றுள் பல, ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்குபவை. அப்படிச் சேர்ந்து அசையும் அளவீடுகளைத் திரட்டி, தரவில் உள்ள மாறுபாட்டை முடிந்தவரை சில புதிய அச்சுகளில் அடக்கித் தருவதே முதன்மைக் கூறு பகுப்பாய்வு. ஆய்வகப் பேச்சில் இதைப் பி.சி.ஏ. என்பார்கள்.

கார்ல் பியர்சன் 1901இல் இதை ஒரு வடிவியல் கேள்வியாகவே எழுப்பினார்: இடவெளியில் சிதறிக் கிடக்கும் புள்ளிகளுக்கு மிக நெருக்கமாகப் பொருந்தும் கோடு எது, தளம் எது? ஹரோல்ட் ஹோட்டெலிங் 1933இல் கல்வி உளவியல் இதழ் ஒன்றில், மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை மனத்தில் வைத்து, முதன்மைக் கூறுகள் என்ற பெயரோடு இதை விரிவாக எழுதினார். அன்று கையால் நாள்கணக்கில் செய்த கணக்கை இன்று கணினி ஒரு நொடியில் முடித்துவிடுகிறது. அந்தக் கணக்கு எல்லாத் துறைக்கும் ஒன்றுதான். கணக்குக்கு முன்னால் ஆய்வாளர் எடுக்கும் சில முடிவுகளும், கணக்குக்குப் பின்னால் அச்சுக்கு அவர் இடும் பெயரும்தான் துறைக்குத் துறை மாறுகின்றன. தவறுகள் நேர்வதும் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான். ஆகவே இக்கட்டுரை துறைவாரியாகப் பட்டியலிடாமல், ஓர் ஆய்வாளர் செல்லும் வரிசையிலேயே செல்கிறது. ஒவ்வொரு படியிலும் அந்த முடிவு உண்மையில் பெரிதாகப் பேசப்பட்ட ஒரு துறையை எடுத்துக்கொள்கிறது.

முதல் படி: இரண்டு அளவீடுகளில் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உயரம், எடை என்று இரண்டே அளவீடுகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டால், ஒவ்வொன்றின் மாறுபாடும், அதாவது பள்ளியில் விலக்க வர்க்கச் சராசரி என்று படித்த அளவும், 1 ஆகிவிடும். இரண்டும் சேர்ந்து 2. இப்போது இவற்றுக்கிடையே ஒட்டுறவுக் கெழு 0.8 என்றால், முதல் கூறின் மாறுபாடு 1 + 0.8, அதாவது 1.8, இரண்டாவது கூறின் மாறுபாடு 1 − 0.8, அதாவது 0.2. மொத்தம் 2இல் 1.8 என்பது 90 சதவீதம். இந்த 1.8, 0.2 ஆகியவையே ஐகன் மதிப்புகள். முதல் அச்சு இரண்டு அளவீடுகளுக்கும் சம எடை கொடுத்துக் கூட்டுகிறது, ஆகவே அது உடலின் ஒட்டுமொத்த அளவைச் சொல்கிறது. இரண்டாவது அச்சு ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறது, ஆகவே அது ஒல்லியா தடிமனா என்பதைச் சொல்கிறது.

எத்தனை நெடுவரிசைகள் வந்தாலும் நடப்பது இதுதான். ஒவ்வொரு கூறும் எல்லா அளவீடுகளுக்கும் ஓர் எடை கொடுத்துக் கூட்டிய தொகை. அந்த எடைகளைப் படித்துத்தான் கூறின் தன்மையை அறிகிறோம். ஒவ்வொரு மாதிரியும் அந்த அச்சில் எங்கே விழுகிறது என்பது அதன் கூறு மதிப்பெண். அவற்றை வரைந்துதான் மாதிரிகள் எப்படிக் கூடுகின்றன, எப்படிப் பிரிகின்றன என்று பார்க்கிறோம். அடுத்தடுத்த கூறுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும் என்பது கணக்கின் நிபந்தனை. இது இயற்கை விதித்த நிபந்தனை அன்று என்பதை நினைவில் வையுங்கள். பின்னால் இதற்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: உங்கள் கேள்விக்கு இது ஏற்ற கருவிதானா?

தரவில் எந்தத் திசையில் மாறுபாடு மிகுதி என்ற கேள்விக்குத்தான் பி.சி.ஏ. விடை தருகிறது. நோயுள்ளவரையும் நோயற்றவரையும் பிரிக்கும் திசை எது என்று கேட்டால், அது வேறு கேள்வி. முகங்களை அடையாளம் காணும் ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. மேத்யூ டர்க்கும் அலெக்ஸ் பென்ட்லாண்டும் 1991இல் முகப் படங்களின் முதன்மைக் கூறுகளைக் கொண்டு ஆட்களை அடையாளம் காணும் முறையை வெளியிட்டார்கள். பின்னர் அம்முறையை ஆராய்ந்தவர்கள், முதல் சில கூறுகள் பெரும்பாலும் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்பதையே பதிவுசெய்கின்றன என்றும், முதல் மூன்றை விட்டுவிட்டால் ஒளி மாறும் சூழலில் முடிவு மேம்படுகிறது என்றும் காட்டினார்கள். ஒருவரின் படங்களுக்குள்ளேயே வெளிச்சத்தால் வரும் வேறுபாடு, இரண்டு பேருக்கு இடையிலான வேறுபாட்டைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். குழுக்களைப் பிரிப்பதே உங்கள் நோக்கமானால் அதற்கென்றே உள்ள பிரித்தறி பகுப்பாய்வை நாடுங்கள்; வினாத்தாளுக்குப் பின்னால் ஒளிந்துள்ள மனப்பான்மைகளை மதிப்பிட வேண்டுமானால் காரணிப் பகுப்பாய்வை நாடுங்கள். தரவை முதலில் ஒரு பார்வை பார்க்க, பிழையான மாதிரிகளைக் கண்டுபிடிக்க, நெடுவரிசைகளைக் குறைக்க, கூட்டுக் குறியீடு ஒன்றை உருவாக்கப் பி.சி.ஏ. பொருத்தமானது.

மூன்றாம் படி: அட்டவணையைக் கட்டுங்கள்

எது வரிசை, எது நெடுவரிசை என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கிணற்று நீர் ஆய்வில் வரிசை என்பது மாதிரி, நெடுவரிசை என்பது அயனி. இதில் குழப்பம் இல்லை. வானிலைத் தரவில் மாதங்கள் வரிசைகளாகவும் கடலின் கட்டங்கள் நெடுவரிசைகளாகவும் அமைகின்றன. அப்போது ஒவ்வொரு கூறின் எடைகளையும் வரைந்தால் ஒரு வரைபடம் கிடைக்கிறது. கூறு மதிப்பெண்களை வரைந்தால் அந்த வடிவம் காலப்போக்கில் எப்படி வலுத்து நலிந்தது என்ற கோடு கிடைக்கிறது. எட்வர்ட் லோரென்ஸ் 1956இல் வானிலை முன்கணிப்புக்காக இதை எடுத்தாண்டதிலிருந்து, அத்துறையினர் இதை அனுபவவழிச் செங்குத்துச் சார்புகள் என்ற வேறு பெயரில் அழைக்கிறார்கள். இந்தப் பெயரை வானிலைக் கட்டுரைகளில் கண்டால் புதிய முறை என்று மிரள வேண்டாம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அட்சரேகைக் கட்டங்கள் துருவத்தை நெருங்க நெருங்கப் பரப்பில் சுருங்குகின்றன. அவற்றை அப்படியே சேர்த்தால், சிறு பரப்புள்ள துருவப் பகுதிக்கு அளவுக்கு மீறிய குரல் கிடைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு கட்டத்தின் மதிப்பையும் அட்சரேகையின் கோசைன் மதிப்பினுடைய வர்க்கமூலத்தால் பெருக்கிவிட்டுத்தான் கணக்கிடுகிறார்கள். பருவச் சுழற்சியையும் முன்பே கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் கோடை வெயிலையும் மார்கழிக் குளிரையும் கண்டுபிடித்த பெருமைதான் முதல் கூறுக்குக் கிடைக்கும்.

நீர் ஆய்வில் இதே சிக்கல் வேறு வேடத்தில் வருகிறது. மின்கடத்துத்திறன், மொத்தக் கரைந்த திடப்பொருள், மொத்தக் கடினத்தன்மை, கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு என்று ஆய்வக அறிக்கையில் உள்ள எல்லாவற்றையும் அட்டவணையில் இட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் மொத்தக் கரைந்த திடப்பொருளைப் பல ஆய்வகங்கள் மின்கடத்துத்திறனை ஒரு மாறிலியால் பெருக்கித்தான் தருகின்றன. கடினத்தன்மையோ கால்சியம், மெக்னீசியம் இரண்டிலிருந்து கணக்கிடப்படுவது. ஒரே செய்தியை மூன்று நெடுவரிசைகளில் திரும்பத் திரும்ப எழுதிவிட்டு, முதல் கூறு மாறுபாட்டில் பெரும்பங்கை விளக்குகிறது என்று மகிழ்வதில் பொருள் இல்லை. கணக்கிட்டுப் பெற்ற நெடுவரிசைகளை நீக்குங்கள், நேரடியாக அளந்தவற்றை வையுங்கள். மரபியலில் இதற்கு இணையான பழக்கம் ஏற்கெனவே ஊன்றிவிட்டது: குரோமோசோமில் அருகருகே இருந்து சேர்ந்தே கடத்தப்படும் இடங்களைக் களைந்த பின்னரே பகுப்பாய்வு செய்கிறார்கள். களையாவிட்டால் மக்கள்தொகையின் வரலாற்றைச் சொல்ல வேண்டிய கூறு, ஒரே குரோமோசோமின் ஒரு துண்டைப் பற்றி மட்டும் பேசத் தொடங்கிவிடும்.

விடுபட்ட மதிப்புகளை என்ன செய்தீர்கள் என்பதையும் இந்தப் படியிலேயே எழுதி வையுங்கள். நெடுவரிசையின் சராசரியை இட்டு நிரப்புவது எளிது; ஆனால் விடுபடல் மிகுதியான மாதிரிகள் அதனால் படத்தின் மையத்துக்கு இழுக்கப்பட்டு, இல்லாத ஒரு நடுக்குழுவைப் போலத் தோன்றும்.

நான்காம் படி: மையப்படுத்துதலும் அளவுச் சீராக்கமும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள். நெடுவரிசையிலிருந்து சராசரியைக் கழிப்பது மையப்படுத்துதல், திட்ட விலக்கத்தால் வகுப்பது அளவுச் சீராக்கம். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளோடு கூடவே வரும் ஒரு தரவுத் தொகுப்பு, 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் 50 மாநிலங்களில் லட்சம் பேருக்கு எத்தனை பேர் கொலை, தாக்குதல், பாலியல் வன்முறை ஆகிய குற்றங்களுக்காகக் கைதானார்கள் என்பதையும், நகரவாசிகள் எத்தனை சதவீதம் என்பதையும் தருகிறது. கொலைக் கைதுகள் 0.8இலிருந்து 17.4 வரையிலும், தாக்குதல் கைதுகள் 45இலிருந்து 337 வரையிலும் பரந்துள்ளன. கொலையின் மாறுபாடு சுமார் 19. தாக்குதலின் மாறுபாடு சுமார் 6,945.

இந்த அட்டவணையை அப்படியே கொடுத்தால் முதல் கூறு மொத்த மாறுபாட்டில் சுமார் 96.6 சதவீதத்தை விளக்கிவிடும். பார்ப்பதற்கு அருமையான முடிவு. ஆனால் எடைகளைப் பார்த்தால் அந்தக் கூறு ஏறத்தாழ தாக்குதல் என்ற ஒரே நெடுவரிசைதான். மற்ற மூன்றும் பெயரளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு நெடுவரிசையையும் அதன் திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டு மறுபடி செய்தால், முதல் கூறு 62 சதவீதத்தையும் இரண்டாவது 24.7 சதவீதத்தையும் விளக்குகின்றன. இப்போது முதல் கூறில் மூன்று குற்றங்களும் ஏறத்தாழ சம எடை பெறுகின்றன. இரண்டாவதில் நகரவாசிகளின் பங்கு முன்னுக்கு வருகிறது. விளக்கப்பட்ட சதவீதம் குறைந்தது, ஆனால் படம் பொருளுள்ளதாயிற்று. உயர்ந்த சதவீதத்தைத் தரமாக எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிடச் சிறிய சான்றை நான் அறியேன்.

அப்படியானால் எப்போதும் சீராக்கிவிடலாமா என்றால், கூடாது. அலகுகள் வெவ்வேறாக இருந்தால் சீராக்குவது கட்டாயம். எல்லா நெடுவரிசைகளும் ஒரே அலகில் இருந்து, மாறுபாட்டின் அளவே செய்தியாகவும் இருந்தால் சீராக்குவது கேடு. அருககச்சிவப்பு நிறமாலையைக் கொண்டு தானியத்தின் ஈரப்பதத்தையோ எண்ணெய்க் கலப்படத்தையோ ஆராயும் வேதியியலாளர் ஒவ்வொரு அலைநீளத்தையும் தனித்தனியே சீராக்கினால், செய்தியே இல்லாத அலைநீளங்களின் வெற்று இரைச்சல், உண்மையான உறிஞ்சல் முகடுகளுக்குச் சமமாக உயர்ந்துவிடும். அவர்கள் பொதுவாக மையப்படுத்துவதோடு நிறுத்திக்கொண்டு, துகளின் அளவால் வரும் சிதறலைத் திருத்த வேறு வழிகளைக் கையாள்கிறார்கள்.

உடலளவுகளை ஆராயும் உயிரியலாளருக்கு மடக்கை எடுப்பது உதவும். பியர் ஜோலிக்கோரும் ஜேம்ஸ் மோசிமனும் 1960இல் ஆண், பெண் இரு பாலிலும் 24 வண்ண ஆமைகளின் ஓட்டு நீளம், அகலம், உயரம் மூன்றையும் எடுத்து, முதல் கூறை அளவாகவும் மற்றவற்றை வடிவமாகவும் பிரித்துக் காட்டினார்கள். ஆமை வளரும்போது எல்லா அளவுகளும் கூடவே வளர்வதால் முதல் கூறில் எல்லா எடைகளும் ஒரே குறியோடு வருகின்றன. மீன், எலும்பு, இலை, பழங்கால மட்பாண்டம் என எதை அளந்தாலும் முதலில் வருவது பெரும்பாலும் இந்த அளவு அச்சுதான்; வடிவத்தைத் தேடுபவர் இரண்டாவது அச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மணல், வண்டல், களிமண் என்று மண்ணின் பங்குகளைச் சதவீதத்தில் வைத்திருப்போர் தனியாக எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கூட்டுத்தொகை எப்போதும் 100 என்பதால் ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தே தீரும். அந்த எதிர் ஒட்டுறவு மண்ணிலிருந்து வந்ததன்று, கூட்டலிலிருந்து வந்தது. ஜான் எய்ச்சிசன் 1980களில் வகுத்த மடக்கை விகித உருமாற்றத்தைச் செய்த பின்னரே இத்தகைய தரவைப் பகுப்பாய்வுக்குக் கொடுக்க வேண்டும்.

மையப்படுத்துதல் சிறு விஷயமாகத் தோன்றும். ஆனால் காலநிலை ஆய்வில் நெடுநாள் நடந்த ஒரு விவாதத்துக்கு அதுவே காரணமாயிற்று. மைக்கேல் மானும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 1998இல், மர வளையம் முதலிய சான்றுகளிலிருந்து வட அரைக்கோளத்தின் பல நூற்றாண்டு வெப்பநிலையை மீட்டுருவாக்கினார்கள். அதில் மர வளையத் தொடர்களை முழுக் காலத்தின் சராசரியைக் கொண்டு மையப்படுத்தாமல், 1902 முதல் 1980 வரையிலான சராசரியைக் கொண்டு மையப்படுத்தியிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் விலகிச் செல்லும் தொடர்களுக்கு இதனால் முதல் கூறில் மிகையான எடை கிடைக்கிறது என்று ஸ்டீபன் மெக்கின்டயரும் ராஸ் மெக்கிட்ரிக்கும் பின்னர் சுட்டிக்காட்டினார்கள். முழுக் காலத்துக்கும் மையப்படுத்தினால் அதே வடிவம் முதல் இடத்திலிருந்து நான்காவது கூறுக்கு இறங்கியது. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2006இல் இதை ஆராய்ந்து, அப்படி மையப்படுத்துவது பரிந்துரைக்கத்தக்கதன்று என்றும், ஆனால் அண்மைக் கால வெப்பமாதல் பற்றிய முடிவு அதனால் பெரிதாக மாறவில்லை என்றும் கூறியது. முடிவு நிலைத்தது, ஆனால் ஒரு வரிச் செயல்முறை விளக்கம் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் அந்த நீண்ட சச்சரவின் பெரும்பகுதி எழுந்திருக்காது என்றே எண்ணுகிறேன்.

ஐந்தாம் படி: கணக்கை இயக்குங்கள்

இங்கே அறிய வேண்டியது மென்பொருளின் இயல்பு அமைப்புகளை மட்டும்தான். ஆர் மென்பொருளின் வழக்கமான கட்டளை தானாகவே மையப்படுத்தும், ஆனால் நீங்கள் கேட்டால்தான் சீராக்கும். பைத்தான் நிரல்மொழியின் சைகிட்-லேர்ன் நூலகமும் தானாகவே மையப்படுத்தும், சீராக்கத்தை நீங்கள் தனியே முன்னதாகச் செய்ய வேண்டும். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் இது காரணிப் பகுப்பாய்வுப் பட்டியலுக்குள் இருக்கிறது. அது ஒட்டுறவு அணியை எடுத்துக்கொள்வதால் தானாகவே சீராக்கிவிடுகிறது, அத்துடன் 1ஐவிடப் பெரிய ஐகன் மதிப்புள்ள கூறுகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. எஸ்.பி.எஸ்.எஸ். தரும் எடைகள் ஐகன் மதிப்பின் வர்க்கமூலத்தால் பெருக்கப்பட்டவை, ஆர் தருபவை அப்படிப் பெருக்கப்படாதவை. ஒரே தரவுக்கு இருவர் வெவ்வேறு எண்களைக் கொண்டுவந்து சண்டையிடும்போது காரணம் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்கும். குறி நேர்மாறாக வந்தாலும் கவலை வேண்டாம். ஒரு கூறின் எல்லா எடைகளையும் −1ஆல் பெருக்கினாலும் அது அதே அச்சுதான்.

வரிசைகளைவிட நெடுவரிசைகள் மிகுதியாக இருந்தாலும் கணக்கு நடக்கும். ஆனால் மாதிரிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவான கூறுகளுக்குமேல் கிடைக்காது.

ஆறாம் படி: எத்தனை கூறுகளை வைத்துக்கொள்வது?

ஐகன் மதிப்பு 1ஐத் தாண்ட வேண்டும் என்ற விதி பரவலாகப் பயன்படுகிறது. அது பெரும்பாலும் தேவைக்கு அதிகமான கூறுகளை விட்டுவைக்கும். ஐகன் மதிப்புகளை இறங்கு வரிசையில் வரைந்து, சரிவு எங்கே தணிகிறது என்று பார்ப்பது கண்ணின் பழக்கத்தைச் சார்ந்தது. ஜான் ஹார்ன் 1965இல் தந்த இணைப் பகுப்பாய்வையே புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன். அதைக் கையாள எளிய வழி ஒன்று: ஒவ்வொரு நெடுவரிசையின் மதிப்புகளையும் தனித்தனியே குலுக்கிப் போட்டு, நெடுவரிசைகளுக்கிடையிலான உறவை அழித்துவிட்டு, மீண்டும் ஐகன் மதிப்புகளைக் கணக்கிடுங்கள். இதைப் பல நூறு முறை செய்து, குலுக்கிய தரவு தரும் மதிப்பை உண்மைத் தரவு தெளிவாகத் தாண்டும் கூறுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

விளக்கப்படும் சதவீதத்துக்கு எல்லாத் துறைக்கும் பொதுவான வரம்பு கிடையாது. ராபர்ட் லிட்டர்மனும் ஜோசே ஷைங்க்மனும் 1991இல் அமெரிக்க அரசுக் கடன் பத்திரங்களை ஆராய்ந்தபோது மூன்று கூறுகளே ஏறத்தாழ முழு மாறுபாட்டையும் விளக்கிவிட்டன. வட்டி விகிதங்கள் எல்லாம் சேர்ந்து ஏறுவது ஒன்று, குறுகிய காலத்துக்கும் நீண்ட காலத்துக்கும் இடையே சரிவு மாறுவது இன்னொன்று, நடுப்பகுதி மட்டும் புடைப்பது மூன்றாவது. மறுபுறம், ஜான் நொவெம்பரும் சக ஆய்வாளர்களும் 2008இல் 1,387 ஐரோப்பியர்களின் மரபணுத் தரவை எடுத்து முதல் இரண்டு கூறுகளை வரைந்தபோது, ஐரோப்பாவின் நிலவரைபடமே ஏறத்தாழ அப்படியே எழுந்து வந்தது. ஸ்பெயின் ஒரு மூலையில், இத்தாலி காலைப்போல நீண்டு, தன் தன் இடத்தில் ஒவ்வொரு நாடும். அந்த இரண்டு கூறுகளும் சேர்ந்து விளக்கிய மாறுபாடு 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மனிதர்களுக்கிடையிலான மரபணு வேறுபாட்டில் பெரும்பகுதி ஒவ்வோர் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஊர்களுக்கிடையிலான சிறு பகுதி மட்டும் சீராகச் சேர்ந்து அசைவதால் அது அச்சாக மேலே வருகிறது.

ஏழாம் படி: அச்சுக்குப் பெயரிடுங்கள், பிறகு அந்தப் பெயரைச் சோதியுங்கள்

கடற்கரையோர மாவட்டம் ஒன்றின் கிணற்று நீரில் சோடியம், குளோரைடு, மெக்னீசியம், சல்பேட் நான்கும் முதல் கூறில் உயர்ந்த எடையோடு வருகின்றன என்று கொள்வோம். கடல்நீர் ஊடுருவல் என்று எழுதக் கை துடிக்கும். தரவு சொல்வது உப்புத்தன்மை என்பது வரைதான். அந்த உப்பு கடலிலிருந்து வந்திருக்கலாம், உப்பளத்திலிருந்தோ இறால் பண்ணையிலிருந்தோ கசிந்திருக்கலாம், ஆழமில்லாத நீர் ஆவியாகி மிஞ்சியதாகவும் இருக்கலாம். ஆகவே அட்டவணைக்கு வெளியிலிருந்து சான்று தேடுங்கள். கூறு மதிப்பெண் கரையிலிருந்து தூரம் கூடக்கூடக் குறைகிறதா? கடல்நீரில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் உள்ள மோலார் விகிதம் சுமார் 0.86, உப்பு மிகுந்த கிணறுகள் அதை நெருங்குகின்றனவா? குளோரைடுக்கும் புரோமைடுக்கும் உள்ள விகிதம் கடல்நீரோடு ஒத்துப்போகிறதா? நைட்ரேட்டும் பொட்டாசியமும் இரண்டாவது கூறில் தனியே நின்றால் உரமும் கழிவுநீரும் நினைவுக்கு வர வேண்டியவை. அதையும் வயல்களின், குடியிருப்புகளின் வரைபடத்தோடு ஒப்பிட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

சமூக அறிவியலில் இதே பெயரிடல் பெரிய பொறுப்பாகிறது. வருமானத்தைக் கேட்டால் சரியான விடை கிடைக்காத இடங்களில், வீட்டில் தொலைக்காட்சி உண்டா, மிதிவண்டி உண்டா, தரை எதனாலானது, குடிநீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை எப்படிப்பட்டது என்ற கேள்விகளின் விடைகளுக்கு முதல் கூறின் எடைகளைக் கொடுத்துச் சொத்துக் குறியீடு ஒன்றைக் கணக்கிடலாம் என்று டியான் ஃபில்மரும் லான்ட் பிரிட்செட்டும் 2001இல் காட்டினார்கள். அவர்கள் கையாண்டது இந்தியாவின் 1992-93ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வின் தரவு. ஆராய்ந்தது மாநிலங்களில் குழந்தைகள் பள்ளியில் சேரும் நிலை. இன்று அதே ஆய்வின் அறிக்கைகளில் குடும்பங்கள் ஐந்து பொருளாதாரப் பிரிவுகளாக வகுக்கப்படுவதைப் பார்க்கிறோம். அதற்கு அடியில் இருப்பது இந்தக் கணக்குதான். நகரமும் கிராமமும் ஒரே அட்டவணையில் கலந்திருக்கும்போது, குழாய்நீர், மின்சாரம் போன்ற நகர வசதிகள் முதல் கூறை ஆட்கொண்டுவிடும். ஆடு மாடும் நிலமும் உள்ள கிராமத்துக் குடும்பம் உள்ளதைவிட ஏழையாகக் கணக்கிடப்படும். ஆகவேதான் நகரத்துக்கும் கிராமத்துக்கும் தனித்தனிக் குறியீடு கணக்கிட்டுப் பிறகு இணைக்கும் முறையும் வந்தது. அச்சுக்குச் செல்வம் என்று பெயரிட்டவுடன் அது அரசின் திட்டங்கள் வரை செல்கிறது என்பதால், யாருடைய செல்வம் அதில் தெரியாமல் போகிறது என்று கேட்பது ஆய்வாளரின் கடமை.

இரண்டாவது, மூன்றாவது கூறுகளுக்குப் பெயரிடும்போது செங்குத்து நிபந்தனை குறுக்கே வருகிறது. கடலின் ஒரு முழுப் பரப்பும் சேர்ந்து வெப்பமாவதை முதல் கூறு எடுத்துக்கொண்டால், இரண்டாவது கூறு அதற்குச் செங்குத்தாக நிற்க வேண்டியிருப்பதால், ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும் இருமுனை வடிவமாகவே பெரும்பாலும் வெளிப்படும். என்.எச். சாஜியும் சக ஆய்வாளர்களும் 1999இல் வெளியிட்ட இந்தியப் பெருங்கடல் இருமுனை, நம் வானிலைச் செய்திகளில் இன்று அடிக்கடி கேட்கும் பெயர், அப்பெருங்கடலின் வெப்பநிலை மாறுபாட்டில் சுமார் 12 சதவீதத்தை விளக்குகிறது. டீட்மர் டோமெங்கெட்டும் மோஜிப் லத்தீபும் 2002இல் இத்தகைய இருமுனை வடிவங்கள் கணக்கின் நிபந்தனையாலேயே தோன்றக்கூடும் என்று எச்சரித்தார்கள். இருமுனையை நம்ப வைப்பது பி.சி.ஏ. மட்டுமன்று. சுமத்திராவையொட்டிக் கடல் குளிரும்போது நிலநடுக்கோட்டையொட்டிய காற்று கிழக்கிலிருந்து வலுப்பது, மழை மேற்கே நகர்வது ஆகியவையும் சேர்ந்தே காணப்படுகின்றன. தனித்தனி அளவீடுகள் ஒரே கதையைச் சொல்லும்போதுதான் அச்சுக்கு இயற்பியல் பொருள் கிடைக்கிறது.

மரபியலிலும் இந்தப் பாடம் உண்டு. லூகா கவால்லி-ஸ்போர்சாவும் சக ஆய்வாளர்களும் 1978 முதல், மரபணு நிகழ்வெண்களின் முதன்மைக் கூறுகளைக் கண்டங்களின் மேல் வரைந்து, அவற்றின் படிப்படியான சரிவுகளைப் பழங்கால இடப்பெயர்வுகளின் தடமாகப் படித்தார்கள். நொவெம்பரும் மேத்யூ ஸ்டீபன்ஸும் 2008இல் காட்டியது வேறு: பெரிய இடப்பெயர்வு எதுவும் இல்லாமல், அருகில் உள்ளவர்கள் ஒத்தவர்களாகவும் தொலைவில் உள்ளவர்கள் வேறுபட்டவர்களாகவும் இருந்தாலே, அதே சரிவுகளும் அலைகளும் கணக்கிலிருந்து எழும். உங்கள் தரவு காலத்திலோ இடத்திலோ தொடர்ச்சியாக அமைந்திருந்து, முதல் இரண்டு கூறுகளை வரைந்தால் குதிரை லாடம் போன்ற வளைவு தெரிந்தால், அந்த வளைவுக்குத் தனிக் காரணம் தேடாதீர்கள்.

பெயரை நம்புவதற்கு முன் குறைந்தது இரண்டு சோதனைகள் செய்யுங்கள். தரவை இரண்டாகப் பிரித்து இரு பாதியிலும் அதே எடைகள் வருகின்றனவா என்று பாருங்கள். பிறகு, மாதிரிகளைச் சேகரித்த நாள், ஆய்வகம், கருவி, அளந்தவர் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நிறம் கொடுத்து அதே படத்தை வரையுங்கள். தனிச் செல் மரபணு வெளிப்பாட்டு ஆய்வுகளில் முதல் கூறு நோயைக் காட்டாமல், எந்த நாளில் எந்தத் தொகுதியாகச் சோதித்தார்கள் என்பதைக் காட்டிக் கொடுப்பது அடிக்கடி நிகழ்வது.

எட்டாம் படி: கூறுகளை அடுத்த கணக்குக்குக் கொண்டுசெல்லுதல்

நோய்க்கும் மரபணுவுக்கும் தொடர்பு தேடும் ஆய்வுகளில் முதல் சில கூறுகளைச் சமன்பாட்டில் சேர்த்துக்கொள்வது 2006இல் ஆல்கிஸ் பிரைசும் சக ஆய்வாளர்களும் முன்வைத்ததிலிருந்து வழக்கமாகிவிட்டது. நோயுள்ளவர்களும் நோயற்றவர்களும் வெவ்வேறு வம்சாவளியினராக இருந்தால், வம்சாவளியில் வேறுபடும் மரபணுக்கள் எல்லாம் நோய்க்குக் காரணம்போலத் தோன்றும். கூறுகள் அந்த மயக்கத்தைக் கழிக்கின்றன. இங்கே கூறுக்குப் பெயரே தேவையில்லை, அதன் பணி கழிப்பது மட்டுமே.

முன்கணிப்புக்கான கணித மாதிரியைக் கட்டுபவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும். சராசரி, திட்ட விலக்கம், எடைகள் மூன்றையும் பயிற்சித் தரவிலிருந்து மட்டும் கணக்கிட்டு, அவற்றையே சோதனைத் தரவின்மேல் பொருத்த வேண்டும். எல்லாத் தரவையும் சேர்த்துப் பி.சி.ஏ. செய்துவிட்டுப் பிறகு பிரித்தால், சோதனைத் தரவின் செய்தி முன்கூட்டியே அந்தக் கணித மாதிரிக்குள் கசிந்துவிடும். துல்லியம் உள்ளதைவிட உயர்வாகத் தோன்றும்.

அறிக்கை எழுதும்போது, எத்தனை மாதிரிகள், எந்த நெடுவரிசைகள், எவற்றை எந்தக் காரணத்துக்காக நீக்கினீர்கள், விடுபட்டவற்றை எப்படி நிரப்பினீர்கள், எதைக் கொண்டு மையப்படுத்தினீர்கள், சீராக்கினீர்களா இல்லையா, மடக்கை எடுத்தீர்களா, கூறுகளின் எண்ணிக்கையை எந்த விதியால் தீர்மானித்தீர்கள் என்பவற்றை முழு வாக்கியங்களில் எழுதுங்கள். எடைகளின் முழு அட்டவணையைப் பின்னிணைப்பிலாவது தாருங்கள். 0.4க்குக் கீழ் உள்ளவற்றை வெற்றிடமாக விட்டுவிடும் பழக்கம் படிப்பவரின் பார்வையிலிருந்து பலவற்றை மறைத்துவிடுகிறது. படம் வரையும்போது ஒவ்வோர் அச்சிலும் அது விளக்கும் சதவீதத்தைக் குறியுங்கள். இரண்டு அச்சுகளிலும் ஓர் அலகின் நீளம் ஒன்றாகவே இருக்கட்டும். அகலத்துக்காகப் படத்தை இழுத்தால், மாதிரிகளுக்கிடையே இல்லாத தூரம் இருப்பதாகத் தோன்றும்.